காலையில் போட்ட கோடு

எந்தப் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தாலும் நான் முதலில் செய்வது தலைகளை எண்ணுவது. தலைமையாசிரியர் நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க மேடம், டீ சொல்லட்டுமா?" என்று கேட்டுக்கொண்டிருப்பார். நான் ஜன்னல் வழியாக எண்ணிக்கொண்டிருப்பேன். பிறகு வருகைப் பதிவேட்டை வாங்கிப் பார்ப்பேன். இரண்டு கணக்கும் ஒத்துப்போனால் மற்றவர்கள் சந்தோஷப்படுவார்கள். எனக்கு அப்போதுதான் பயம் வரும். மறுபடி எண்ணுவேன். சில நாட்களில் இரண்டாம் தடவை எண்ணும்போது ஒரு தலை கூடுதலாக இருக்கும். கடைசி வரிசையில், சுவரோரமாக, ஈரத் தலை. மூன்றாம் தடவை எண்ணினால் சரியாகிவிடும். இதை நான் கண் டாக்டரிடம் சொன்னதில்லை. அவர் கண்ணாடியை மாற்றுவார், வேறென்ன செய்வார்.

என் வேலையைப் பற்றி மற்றவர்கள் ஒழுங்கான ஒரு கதை வைத்திருக்கிறார்கள். ஏரிக்கரைக் கிராமத்தில் ஆசிரியையாகச் சேர்ந்தார், வகுப்பில் ஒரு பிள்ளைகூட விடுபடாமல் வரவழைத்தார், ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர் ஆனார், இப்போது பள்ளியை விட்டு நின்ற குழந்தைகளைத் திரும்பக் கொண்டுவரும் திட்டத்துக்கு வட்டாரத்தில் இவர்தான் பொறுப்பு. கூட்டங்களில் யாராவது மைக்கைப் பிடித்து இதைச் சொல்வார்கள், நான் கையைக் கூப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இந்தக் கதையின் நடுவில் ஒரு பெண்பிள்ளை இருக்கிறாள். அவளுடைய அம்மாவிடம் சொல்ல வேண்டிய ஒரே ஒரு விஷயத்தை ஒன்பது வருடம் சொல்லாமல் வைத்திருந்தேன். சொன்ன நாளைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு முன்னால், சொல்லாமல் விட்ட நாளைப் பற்றி எழுதியாக வேண்டும்.

எனக்குப் பொன்னேரியில் வீடு. காலை பஸ் பிடித்தால் திருப்பாலைவனம் தாண்டி வயல்கள் முடியும்போதே முகத்தில் உப்பு ஒட்டத் தொடங்கும். பழவேற்காட்டில் இறங்கி ஷேர் ஆட்டோ, அதற்குப் பிறகு கரை மேல் இருபது நிமிட நடை. செருப்பு ஆறு மாதம் தாங்காது. பள்ளி, எட்டாம் வகுப்பு வரைக்குமான நடுநிலைப் பள்ளி. ஊரில் இரண்டு விதமான குடும்பங்கள். கடலுக்குப் போகிறவர்களுக்குப் படகு, வலை, பஞ்சாயத்து எல்லாம் உண்டு. ஏரி ஓரமாகத் தனியாகக் கொஞ்சம் வீடுகள். அவர்களிடம் இருந்தது கை மட்டும்தான். ஆழமில்லாத தண்ணீரில் குந்தியபடி நகர்ந்து, சேற்றைத் தடவித் தடவி இறால் எடுப்பார்கள். எடுத்ததைப் போட ஓலையில் முடைந்த கூடை ஒன்று, பறி என்பார்கள். இரண்டு கையும் வேலைக்கு வேண்டும் என்பதால் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். வாயைத் திறந்தால் கூடை போய்விடும். அதனால் தண்ணீரில் இருக்கும்போது அந்தப் பெண்கள் பேசுவதே இல்லை. முப்பது பேர் சேர்ந்து வேலை செய்யும் ஓர் இடம் அவ்வளவு அமைதியாக இருந்து நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

சில நாட்களில் விடியும்போதே ஏரித் தண்ணீர் முழங்காலுக்குக் கீழே இறங்கியிருக்கும். எந்த நாள் என்று அவர்களுக்குத் தெரியும். எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. அன்றைக்கு அந்த வீடுகளின் பெரியவர், சிறியவர் எல்லோரும் ஏரியில்தான். என் ஏழாம் வகுப்பில் முப்பத்திரண்டு பேர், அதில் நான்கு பேர் அந்த வீட்டுப் பிள்ளைகள். நான்கு இடம் காலியாக இருக்கும். பத்து மணிக்குள் வருகை எண்ணிக்கையை மேலே அனுப்ப வேண்டும். எண்ணிக்கை குறைந்தால் மேலிருந்து போன் வரும், தலைமையாசிரியர் என்னைப் பார்ப்பார். நல்ல மனிதர்தான். யாரையும் திட்ட மாட்டார், ஆனால் பெருமூச்சு விடுவார். திட்டினால்கூடத் திருப்பிப் பேசலாம், பெருமூச்சுக்கு என்ன பதில் சொல்வது?

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை தோன்றியது. எனக்கு அப்போது முன்கோபமும் அதிகம், என் மூளையைப் பற்றிய மதிப்பும் அதிகம். ஒரு சாயங்காலம் ஏரியோர வீடுகளுக்கு நேராகப் போனேன். தண்ணீர் இறங்கும் நாளில் பிள்ளைகள் ஏரிக்குப் போகட்டும், நான் தடுக்கவில்லை, ஆனால் பத்தரை இன்டர்வெல் மணி அடிப்பதற்குள் வகுப்பில் இருக்க வேண்டும், ஆப்சென்ட் விழாமல் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். காலையிலேயே கோடு போட்டுவிடப் போகிறேன் என்பதை மட்டும் அவர்களிடம் சொல்லவில்லை. எங்கள் பதிவேட்டில் காலைக்குச் சாய்வாக ஒரு கோடு, மதியத்துக்கு அதன் குறுக்கே இன்னொரு கோடு. இரண்டும் சேர்ந்தால் முழு நாள். பெண்கள் சிரித்தார்கள். ஒரு டீச்சர் வந்து இப்படிப் பேசி அவர்கள் பார்த்ததில்லை.

ஏற்பாடு நன்றாகவே நடந்தது, அதுதான் வேதனை. பத்தரைக்குள் நான்கு பேரும் ஈரத் தலையோடு ஓடிவந்து, என் மேசையில் விரித்த பதிவேட்டில் அவரவர் பெயருக்கு நேராக ஈரக் கையை வைத்து, "வந்துட்டேன் டீச்சர்" என்று சொல்வார்கள். பொய்யாகப் போட்ட கோடு அந்த நொடியில் உண்மையாகிவிடும். பதிவேட்டின் அந்த இடங்களில் மை கலங்கிக் கிடக்கும். வகுப்பில் மற்ற பிள்ளைகளுக்கும் சொல்லி வைத்தேன்: அதிகாரி யார் வந்து கேட்டாலும் எல்லோரும் வந்துவிட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும், நம் வகுப்பு விஷயம் நம் வகுப்புக்குள். பிள்ளைகளுக்கு ரகசியம் என்றால் உயிர். மூன்று மாதத்தில் வட்டாரத்திலேயே வருகையில் என் வகுப்பு முதலிடம். எப்படிச் சாதித்தீர்கள் என்று கேட்டார்கள். பெற்றோரிடம் பேசினேன் என்றேன்.

நான்கு பேரில் பதினேழாம் எண் அவள். பதின்மூன்று வயது. எண்ணாகத்தான் எழுதப் போகிறேன். பெயரைச் சொல்ல நான் இன்னும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. எழுத்து எல்லாம் வலப்பக்கம் சாயும்; நிமிர்த்து எழுது என்று நான் சொன்னால் நோட்டைச் சாய்த்து வைத்துக்கொண்டு எழுதுவாள். கேள்வி கேட்டால் பதிலுக்கு முன்னால் "இன்னா டீச்சர், இது கூடத் தெரியாதா?" என்பாள். அடிக்கக் கை ஓங்குவேன், சிரித்துவிடுவேன். மற்ற மூன்று பேரும் மணி அடித்த பிறகு மூச்சிரைக்க வந்து நிற்கும் நாளிலும் அவள் மணிக்கு முன்பே வந்துவிடுவாள். எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். இதை எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது. பிடித்த பிள்ளைக்கு இதைத்தான் செய்தேனா என்று யாரும் கேட்கலாம்.

அந்த நாளும் தண்ணீர் இறங்கிய நாள்தான். ஒன்பதரைக்கு நான்கு கோடு போட்டேன். பத்தரைக்கு மூன்று பேர் வந்தார்கள். "அவ எங்கடி?" என்றேன். "பின்னாடி வரா டீச்சர். நல்லா மாட்டுதுனு இன்னும் கொஞ்சம் தடவிட்டு வரேன்னு சொன்னா" என்றாள் ஒருத்தி. சரி என்று பாடத்தைத் தொடர்ந்தேன். பதினொன்றரைக்கும் வரவில்லை. சாப்பாட்டு வரிசையிலும் இல்லை. எனக்குக் கோபம் வந்தது. கவலை வரவில்லை, கோபம்தான் வந்தது. இவ்வளவு செய்து கொடுத்தும் இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குகிறாளே என்று நினைத்தேன். யாரையும் அனுப்பிப் பார்க்கவில்லை. மதியம் பதிவேட்டைத் திறந்தபோது அவள் இடத்தில் குறுக்குக் கோடு போடாமல் வெற்றாக விட்டேன். நாளைக்கு வந்து அரை நாள் ஆப்சென்ட்டைப் பார்த்து அழட்டும் என்றுதான்.

யாராவது என் நேர்மையைப் பற்றிப் பேசினால் எனக்கு அந்த வெற்றிடம்தான் ஞாபகம் வரும். என் வாழ்க்கையில் பதிவேட்டில் நான் எழுதிய மிகப்பெரிய பொய், பாதி உண்மையாக இருந்தது.

நான்கு மணிக்குப் பள்ளி விட்டுப் பிள்ளைகள் போனபின் அவள் அம்மா வந்தாள். கொண்டையில் ஏரித் தண்ணீர் இன்னும் காயவில்லை. "டீச்சர், எல்லாப் பசங்களும் வந்துச்சு, எங்க வூட்டுப் பொண்ணக் காணோமே. வேலை ஏதாச்சும் குடுத்து உக்கார வெச்சிகினீங்களா?" என்றாள். தலைமையாசிரியர் பதிவேட்டை எடுத்து விரித்தார். அவருக்கு என் ஏற்பாடு தெரியும், ஆனால் தெரிந்ததாக அவர் ஒருநாளும் காட்டிக்கொண்டதில்லை. "காலையில வந்திருக்காம்மா. இதோ பாரு, கோடு இருக்கு. மதியம்தான் இல்ல. இன்டர்வெல்லுல வெளியில போயிருக்கா போல" என்றார். அவர் சொல்லிக்கொண்டே என்னைப் பார்த்தார். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஒரு வாக்கியம்தான். அவள் இன்றைக்குப் பள்ளிக்கே வரவில்லை, ஏரியில் போய்த் தேடுங்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த அம்மா பதிவேட்டையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பிறகு திரும்பிப் போனாள்.

அதற்குப் பிறகு ஊர் முழுக்கத் தரையில்தான் தேடியது. பழவேற்காடு பஸ் நிறுத்தம், சுண்ணாம்புக்குளம் போகும் சாலை, சொந்தக்காரர் வீடுகள். பள்ளியிலிருந்து நடுவில் இறங்கிப் போன பெண்ணை எங்கே தேடுவார்கள்? இருட்டுவதற்குள் யாரோ ஒருத்தர் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டார்கள். ஓடிப்போய்விட்டாள். யாரோடு என்றுகூட ஊர் யோசிக்க ஆரம்பித்துவிட்டது. பதின்மூன்று வயதுப் பிள்ளை. ஏரியை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, ஏனென்றால் ஏரியிலிருந்து அவள் கிளம்பி வந்துவிட்டாள் என்று என் கோடு சொல்லிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் வலை எடுக்கப் போனவர் பார்த்தார். இறால் தடவும் இடத்துக்கும் வீடுகளுக்கும் நடுவில் ஓர் ஓடை உண்டு. கரையைச் சுற்றி வந்தால் அரை மணி, ஓடையில் இறங்கி ஏறினால் பத்து நிமிடம். எப்போதும் இடுப்பளவுத் தண்ணீர்தான் இருக்கும். அந்த வருடம் கரையை உயர்த்த அங்கே மண் எடுத்திருந்தார்கள், குழி இருந்தது. நேரமானதால் குறுக்கே இறங்கியிருக்கிறாள். தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்ததால் குழி தெரிந்திருக்காது. குழியின் சேறு காலைப் பிடித்தால் நீச்சல் தெரிந்தும் பயனில்லை என்று பிறகு சொன்னார்கள். ஆனால் அன்றைக்கு ஊர் வேறு மாதிரி யோசித்தது. ஏரியில் பிறந்த பிள்ளை ஓடையில் மூழ்குமா? பள்ளியிலிருந்து எதற்கு இறங்கிப் போனாள்? என்ன நடந்து, என்ன மனசோடு தண்ணீரில் இறங்கினாள்? உடம்பில் யூனிஃபார்ம் பாவாடை இருந்தது. போன வருடத்து யூனிஃபார்மைத்தான் அந்த வீட்டுப் பிள்ளைகள் ஏரிக்கு உடுத்துவார்கள் என்று எனக்குத் தெரியும். ஊருக்கு அது பள்ளியிலிருந்து போனதற்குச் சாட்சி ஆனது.

விசாரிக்கக் காவலர் ஒருவர் வந்தார். தலைமையாசிரியர் ஒரு தாளில், மாணவி காலையில் வந்ததாகவும் இடைவேளையில் சொல்லாமல் வெளியேறியதாகவும் எழுதி நீட்டினார். நான் கையெழுத்துப் போட்டேன். காவலர் முன் பெஞ்சில் இருந்த இரண்டு பெண்களைப் பார்த்து, "காலையில வந்தாளாம்மா?" என்று கேட்டார். இருவரும் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்கள். பிறகு, "வந்தா சார்" என்றார்கள். ஏரியில் அவளோடு இருந்த மூன்று பேர் உட்பட மொத்த வகுப்பும் தலையாட்டியது. நான் சொல்லிக்கொடுத்ததை அவ்வளவு நன்றாகக் கற்றுக்கொண்ட வகுப்பு எனக்கு அதற்குப் பிறகு அமையவே இல்லை.

இரண்டு மாதத்தில் எனக்கு ஆசிரியர் பயிற்றுநர் பணி ஆணை வந்தது. முன்பே பரிந்துரைத்திருந்தார்கள். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, ஓடினேன். ஓடிப்போனது யார் என்று கேட்டால் நான்தான். கிளம்புகிற அன்றைக்கு அந்தப் பதிவேட்டைக் கடைசியாக ஒருமுறை திறந்து பார்த்தேன். தண்ணீர் இறங்கிய நாட்களில் எல்லாம் பதினேழாம் எண்ணுக்கு நேராக மை கலங்கிய கோடுகள் இருந்தன. அந்த நாளின் கோடு மட்டும் சுத்தமாக இருந்தது. பார்க்கத் தெரிந்த எவருக்கும் அது ஒன்றே போதும். பார்க்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

அதற்குப் பிறகு என் வேலை ஓஹோ என்று நடந்தது. பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளைத் தேடி உப்பளத்துக்கும் செங்கல் சூளைக்கும் போனேன். மற்றவர்கள் பட்டியலோடு நிறுத்திக்கொண்ட இடத்தில் நான் கதவைத் தட்டினேன். மேடம் மாதிரி வருமா என்றார்கள். நான் எதைத் தேடுகிறேன் என்று யாரும் கேட்கவில்லை. ஒரு வகுப்பில் உட்கார்ந்து ஆசிரியை எண்களைக் கூப்பிடுவதைக் கேட்கும்போது, பதினாறுக்குப் பிறகு என் மூச்சு நின்றுவிடும். பதினேழுக்கு ஏதோ ஒரு குரல், "உள்ளேன் அம்மா" என்று சொல்லும். அந்தக் குரல் வரும்வரை நான் எங்கோ தண்ணீருக்குள் இருப்பேன். பயிற்சி வகுப்புகளில் வருகைப் பதிவேடு பற்றிப் பாடம் எடுக்கும் நாளில் எனக்குக் கையெல்லாம் சேற்று நாற்றம் அடிக்கும். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து, "எங்கே விட்டேன்?" என்பேன். அந்த ஊருக்கு மட்டும் வேறு யாரையாவது அனுப்பிவிடுவேன்.

ஒன்பது வருடம் கழித்து அனுப்ப ஆள் இல்லாத ஒரு நாள் வந்தது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம், பெற்றோரும் ஆசிரியரும் உட்காரும் கூட்டம். குழுவின் தலைவி யார் என்று தாளில் பார்த்தேன். பதினேழாம் எண்ணின் அம்மாதான். அவளுடைய சின்னப் பெண், அக்கா போனபோது இரண்டு வயது, இப்போது அங்கே ஆறாம் வகுப்பு. காய்ச்சல் என்று சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

பத்து மணிக்கு முன்பே போய்ச் சேர்ந்தேன். பழைய தலைமையாசிரியர் ஓய்வு பெற்றுவிட்டார். எல்லோரும் புது முகங்கள். ஆறாம் வகுப்பு ஆசிரியை இளம்பெண், துறுதுறுப்பானவள். வருகையை இப்போது செல்போனில் போட வேண்டும். இருபத்தி நான்குக்கு இருபத்தி நான்கு என்று பெருமையோடு காட்டினாள். நான் எண்ணினேன். இருபத்தி ஒன்று. மறுபடி எண்ணினேன். இருபத்தி ஒன்று.

"மூணு பேர் எங்க?"

"ஏரியில மேடம். இன்னிக்குத் தண்ணி இறங்குன நாள். பத்தரைக்குள்ள வந்துடுவாங்க" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சிரித்தாள். "நீங்க ஆரம்பிச்சு வெச்ச பழக்கம்தானே மேடம். ஊர்ல எல்லாரும் சொல்லுவாங்க, எங்க கஷ்டம் தெரிஞ்ச ஒரே டீச்சர் நீங்கதான்னு."

மூன்று பேர் யார் என்று கேட்டேன். இரண்டாவதாகச் சொன்ன பெயர் அந்தச் சின்னப் பெண்ணுடையது.

நான் என்ன சொன்னேன் என்று சரியாக ஞாபகமில்லை. கத்தினேன் என்று பிறகு சொன்னார்கள். செருப்பைக்கூடச் சரியாகப் போட்டுக்கொள்ளாமல் கரைக்கு ஓடினேன். அந்த ஆசிரியை பின்னால் பதறிக்கொண்டு வந்தாள். கரை மேல் நின்று பார்த்தேன். ஏரியில் பெண்கள் குந்தியிருந்தார்கள், தலைகள் மட்டும் தெரிந்தன. அத்தனை பேரும் வாயில் கயிற்றோடு மௌனமாக இருந்தார்கள். யாரைக் கூப்பிட்டுக் கேட்பது? ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ நின்றிருப்பேன். அவ்வளவு நேரம் என் வாழ்நாளில் வேறெங்கும் நின்றதில்லை. பிறகு கரையின் வளைவில் மூன்று தலைகள் வந்தன. ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவதாக வந்தவள் அக்கா மாதிரியே தோளைச் சாய்த்து நடந்து வந்தாள். நான் அவள் கையைப் பிடித்து உலுக்கித் திட்டினேன். பிள்ளை மிரண்டு அழுதது. அழட்டும் என்று விட்டேன். அந்த ஆசிரியையைச் செல்போனை எடுக்கச் சொல்லி, மேலிடத்துக்கு நான் பதில் சொல்கிறேன், காலையில் இவர்கள் இல்லை என்று இப்போதே எழுது என்றேன். அவள் முகம் சுருங்கிப்போனது. நான் காரணம் சொல்லவில்லை. காரணத்தை முதலில் கேட்க வேண்டியவள் வேறொருத்தி.

பதினொன்றுக்குக் கூட்டம். அந்த அம்மா வந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும், "இன்னா டீச்சர், எவ்ளோ வருசம் ஆச்சு, நல்லா கீறீங்களா?" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். கூட்டத்துக்கு முன்னால் ஒரு நிமிடம் என்று சொல்லி அவளைச் சத்துணவுக் கூடத்தின் பின்பக்கம் அழைத்துப் போனேன். எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். எல்லாம் மறந்துபோனது.

"அன்னிக்கு உங்க பொண்ணு பள்ளிக்கூடத்துக்கு வரவே இல்லம்மா. அவ வர்றதுக்கு முன்னாடியே நான் கோடு போட்டேன். நீங்க சாயங்காலம் வந்து கேட்டப்போ எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சொல்லல. போலீசு கிட்டயும் பொய்யாக் கையெழுத்துப் போட்டேன்" என்றேன்.

அவள் என் கையை விட்டுவிட்டாள். உள்ளே சாம்பார் கொதிக்கும் சத்தம் கேட்டது.

"பசங்க சொல்லிச்சு டீச்சர். ஒரு வருசம் கழிச்சு, ஒண்ணு ரெண்டு பேரு. நீங்க வந்து சொல்லுவீங்கனு பார்த்துனு இருந்தேன்." அவள் குரல் உயரவே இல்லை. "அன்னிக்கு அது பை வூட்லயே மாட்னபடி இருந்துச்சு. பையி இல்லாம அது பள்ளிக்கூடம் போவாது. ஓடப் பக்கம் கைய காட்டி, போறேன்னு சொல்லிட்டுப் போச்சு. வாயில கயிறு எனக்கு. தலையத்தான் ஆட்னேன். உங்க கிட்ட வந்து கேட்டுட்டுத் தண்ணிக்குப் போலாம்னுதான் கெளம்பினேன். சார் நோட்ட காட்னாரு. பையி பொய் சொல்லுதா, நோட்டு பொய் சொல்லுதானு நின்னேன். படிச்சவங்க எழுதி வெச்சது, அதுதான் நெசம்னு ரோட்டுக்குப் போயிட்டேன்."

நான் அவள் காலில் விழப் போனேன். தோளைப் பிடித்து நிறுத்திவிட்டாள். அதில் அன்பு இல்லை. நேரமில்லை என்பது போல இருந்தது.

"அதெல்லாம் வேணாம். எங்க வூட்டு ஆளு கிட்ட வந்து சொல்லுங்க. பசங்க பேச்ச நான் சொன்னா நம்ப மாட்டேங்குறாரு. நோட்டுல கீதேனு சொல்றாரு. ஒம்பது வருசமா அது பேர சொல்ல வுடல. படம் தகரப் பொட்டியிலயே கெடக்குது, மாட்ட வுடல."

கூட்டம் காத்திருக்கட்டும் என்று அவளோடு நடந்தேன். ஏரியோரத்தில் முன்பு குடிசை இருந்த இடத்தில் இப்போது சின்ன கான்கிரீட் வீடு. அவள் கணவர் வாசலில் உட்கார்ந்து நண்டு வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, லுங்கியை இறக்கிவிட்டு, "வாங்க டீச்சர்" என்றார். அந்த மரியாதை என்னை என்னவோ செய்தது. நின்றபடியே சொன்னேன். இந்தத் தடவை ஒன்றையும் விடவில்லை. நான் போட்ட கோடு, மதியம் கோபத்தில் விட்ட இடம், தரையைப் பார்த்துக்கொண்டு நின்றது, கையெழுத்து. இடையிடையே அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப அது பள்ளிக்கூடத்துல இருந்து எங்கயும் போவல?"

"வரவே இல்லைங்க. ஏரியிலிருந்து வீட்டுக்கு வந்துகிட்டு இருந்தா. பையை எடுத்துட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வர்றதுக்கு."

"நாங்க தேடச்சே எல்லாம் அது தண்ணியிலயா கெடந்துச்சு?"

"ஆமாங்க."

அவர் கையிலிருந்த வலையைப் பார்த்தார். பிறகு அதைக் கீழே வைத்தார்.

"நான் பொன்னேரி ரயிலு டேசன்ல நின்னுனு இருந்தேன் டீச்சர். கடைசி வண்டி வரைக்கும். ஒவ்வொரு வண்டியிலயும் பொம்பளைங்க பொட்டிய எட்டி எட்டிப் பார்த்தேன். கெடச்சா கால ஒடிக்கணும்னுதான் பார்த்தேன். என் வாயில வராத பேச்சு இல்ல. பெத்த பொண்ண அவ்ளோ பேசினேன்."

அவர் அழவில்லை. திரும்பி வீட்டுக்குள் போனார். தகரப் பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது. உள்ளிருந்து அவர் அவளுடைய பெயரைச் சொன்னார். கூப்பிடுவது போல, இரண்டு தடவை சொன்னார். அவர் மனைவி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு உள்ளே போனாள்.

நான் வாசலில் நின்றேன். உட்காருங்கள் என்று யாரும் சொல்லவில்லை, போங்கள் என்றும் சொல்லவில்லை.